பாலைநிலத்து வானம்பாடிகள்

அட்லஸ் மலைத்தொடருக்குத் தெற்கே விரிந்த சகாராவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், டிரிஸ்ட்ராம் என்னும் ஆங்கிலக் குருவானவர் பறவைகளை ஆராய்ந்து திரிந்தார். மரமும் புதரும் அருகிய அவ்வெளியில் பருந்தின் கண்ணுக்குத் தப்புவது எங்ஙனம்? ஆங்குள்ள வானம்பாடிகளின் மேனி மணல்நிறமே பெற்றிருந்தது. ஆழ்மணலில் இரை தேட நீண்ட அலகும், பாறைநிலத்திற்குக் குறுகித் தடித்த அலகும் உதவுதலையும் அவர் நோக்கினார். நிறம் மாறுபட்டது பகைக்கு இரையாகும். ஒத்தது எஞ்சி இனம் பெருக்கும். டார்வினும் வாலஸும் 1858-இல் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கையை இப்பறவைகளுக்குப் பொருத்தி, 1859-இல் 'ஐபிஸ்' இதழில் எழுதினார். டார்வினின் பெருநூல் அப்பொழுது வெளிவந்திலது. விந்தை யாதெனின், 1860-இல் ஆக்ஸ்போர்டில் நிகழ்ந்த வாதத்தின் பின்னர் அவரே அக்கொள்கையைக் கைவிட்டார். வேதத்தையும் இயற்கையையும் ஒருங்கே நேசிக்கும் எம்மனோர்க்கு அப்போராட்டம் அயலதன்று. ஆதலின் அவரைப் பழியோம். எனினும், மணலில் தாம் கண்டதைக் கண்டவாறே எழுதிய டிரிஸ்ட்ராமே எமக்கு உகந்தவர்.