ஒரு மருந்துக்கடை ஆறாயிரமான வரலாறு

ஓசூர், கிருஷ்ணகிரி, பாரூர் வட்டாரத்தில் மருந்து வணிகம் தொடங்க விழையும் நம் இளைஞர்கள் நம்மிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: சொந்தப் பெயரில் கடை வைப்பதா, பெருநிறுவனமொன்றின் பெயர்ப்பலகையின் கீழ் அமர்வதா? விடை காணுமுன், சென்னையில் தோன்றிய ஒரு குடும்ப நிறுவனத்தின் வளர்ச்சியை நோக்குவோம்.

சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவைச் சேர்ந்த மருத்துவர் பிரதாப் சி. ரெட்டி 1983இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனையைத் தொடங்கினார். 1987இல் அதன் மருந்தகம் தோன்றியது. அவருடைய புதல்வியர் நால்வரும் பின்னர் நிர்வாகப் பொறுப்பேற்றனர்; மருந்தகப் பிரிவின் வளர்ச்சியில் ஷோபனா காமினேனியின் பங்கு பெரிது. 2014இல் ஹெட்டெரோ நிறுவனத்தின் ஏறத்தாழ 320 கடைகளை விலைக்கு வாங்கினர். 2024இல் கடைகளின் எண்ணிக்கை 6,000ஐக் கடந்தது.

இதன் சூட்சுமம் யாது? 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணை, பட்டியல் மருந்துகளில் சில்லறை வணிகரின் இலாபத்தை 16 விழுக்காடாக வரையறுக்கிறது. பெரியவர்க்கும் சிறியவர்க்கும் அதுவே அளவு. ஆயின் மொத்தமாகக் கொள்முதல் செய்வோர் இடைநிலை வணிகரின் பங்கையும் தமதாக்கிக்கொள்ள இயலும். சொந்தப் பெயரில் விற்கும் பொருள்களில் கூடுதல் ஆதாயமும் பெறுவர். தள்ளுபடி அங்கிருந்தே வருகிறது. சிறுகடைக்காரரின் கணக்கு வேறு. வரி நீங்கலாக, 100 ரூபாய்க்கு வாங்கியதை 116க்கு விற்பவர் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி தந்தால் எஞ்சுவது 4 ரூபாய் 40 காசு. வாடகை, ஊதியம், மின்கட்டணம் யாவும் அதற்குள்ளேதான்! பக்கத்துக் கடையில் தருகிறார்களே என்று நாமும் தருவது எவ்வளவு ஆபத்து என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

பெயர்ப்பலகை வழியில் அரசும் வந்துள்ளது. 2008இல் மைய அரசின் மக்கள் மருந்தகத் திட்டம் பிறந்தது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பெற்றன. மருந்தியல் பயின்ற தனியாரும் கூட்டுறவுச் சங்கங்களும் இவற்றை நடத்த முன்வந்தனர்.

எவ்வழியாயினும், 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்க வேண்டும். சான்றிதழை மட்டும் வாடகைக்குப் பெற்றுச் சுவரில் மாட்டுவது நோயாளியை ஏமாற்றுவதேயாகும். வீட்டில் ஒருவரேனும் மருந்தியல் படித்திருப்பின் அதுவே முதல் மூலதனம். பெயர்ப்பலகைக்கு உடன்படுவோர், கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை நிதானமாகப் படிக்குக: விற்காமல் காலாவதியான சரக்கை ஏற்பவர் யார், அதே தெருவில் இன்னொரு கடை திறக்க நிறுவனத்திற்கு உரிமை உண்டா என்பவை.