பின்வரிசை டப்பா

அன்புள்ள தம்பிக்கு,

முதல் சமையலறை ஆர்டர் கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்து மனம் நிறைந்துபோனது. இரண்டு வருடம் இன்னொருவருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவன், இனி உன் பெயரிலேயே ஒரு வீட்டுக்குள் டேப்போடு நுழையப் போகிறாய். பத்துக்கு எட்டு அடியில் அடுக்களை, நான்கு பேர் குடும்பம், கூடவே ஒரு பாட்டி என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கேட்லாக்கையும் அனுப்பி எந்த யூனிட்டைப் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். அவற்றை நான் இன்னும் பிரிக்கவில்லை. அந்த வீட்டில் என்னென்ன பாத்திரம் புழங்குகிறது, பாட்டியின் கை எதுவரை எட்டும் என்பதை நீ எழுதவே இல்லையே.

கோயம்புத்தூரில் இருபது வருடத்துக்கு முன் நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். மேடைக்குக் கீழே வரிசையாகக் கதவு போட்ட அலமாரிகள். உள்ளே நடுவில் ஒரு தட்டு. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு வருடம் கழித்து ஒரு கீலைச் சரிசெய்யப் போனேன். அந்த அம்மாவுக்கு அப்போது ரவை வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்தார். முன்வரிசை டப்பாக்கள் ஏழெட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். தலையை உள்ளே விட்டுத் துழாவினார். கையில் வந்தது, எப்போதோ வாங்கி மறந்துபோன கடலைமாவு. வண்டு வைத்திருந்தது. தீர்ந்துவிட்டது என்று நினைத்து அதற்குப் பிறகு இரண்டு தடவை வாங்கியிருக்கிறார்கள். "எனக்குத்தாங்க ஒழுங்கா வைக்கத் தெரியல" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. இரண்டடி ஆழ இருட்டில் வரிசைக்குப் பின் வரிசையாக டப்பா வைக்கும்படி அலமாரி செய்து கொடுத்தவன் நான். அவர் தன்னை நொந்துகொண்டார்.

அடுக்களை கலைந்து கிடந்தால் இடம் போதவில்லை என்பார்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கோளாறு ஆழத்தில்தான் இருந்தது. அடுப்பும் சிங்க்கும் உட்கார மேடைக்கு 24 அங்குல அகலம் வேண்டும். அதற்காகக் கீழே உள்ள தட்டும் அதே ஆழத்துக்குப் போய்விடுகிறது. நம் எவர்சில்வர் டப்பாவின் விட்டமோ ஐந்தாறு அங்குலம். ஆக மூன்று நான்கு வரிசை நிற்கும். முதல் வரிசைதான் கைக்கு. மற்றவை மறதிக்கு.

நம் அப்பத்தா வீட்டுச் சுவரலமாரியை நினைத்துப் பார். சுவரின் கனத்துக்குள் பதித்த கடப்பா கல் பலகைகள், ஓரடிகூட ஆழம் இருக்காது. ஒரே வரிசையில் டப்பாக்கள். எதை எடுக்கவும் எதையும் நகர்த்த வேண்டாம். அஞ்சறைப் பெட்டியையும் பார். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் எல்லாம் மூடியைத் திறந்ததும் ஒரே பார்வையில், மேலிருந்து தெரிகின்றன. ஒரு நல்ல டிராயர் செய்வதும் அதுதான். மேடைக்குக் கீழே இழுத்துத் திறக்கும் டிராயர், மேடைக்கு மேலே ஆழம் குறைந்த தட்டு. உன் வேலையில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைப் பாடத்தில் படித்திருப்பாய். ஜெர்மனியில் அந்த நகரத்தின் குடியிருப்புத் திட்டத்துக்காக 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வரைந்தது. ஏறக்குறைய ஆறுக்குப் பதினோரு அடி. அதில் எனக்கு மிகவும் பிடித்தது சர்க்கரை, அரிசி போன்றவற்றுக்கு அவர் வைத்த அலுமினியப் பெட்டிகள். கைப்பிடியைப் பிடித்து உருவி, மூக்கு வழியாக நேரே பாத்திரத்தில் கொட்டிக்கொள்ளலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு அண்டாமலிருக்க. எந்தப் பொருள், அதை எப்படி எடுப்பார்கள், எது அதைக் கெடுக்கும் என்று கேட்ட பிறகே அவர் பெட்டியைத் தீர்மானித்திருக்கிறார்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். அளவெடுக்கப் போகும் அன்றைக்குச் சுவரை அளப்பதற்கு முன்னால் பாத்திரங்களை அள. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைக்கச் சொல். தினமும் எடுப்பது, வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது, தீபாவளி பொங்கலுக்கு மட்டும் இறக்குவது என்று மூன்று கூறாகப் பிரி. ஐந்து லிட்டர் குக்கரைக் கைப்பிடியோடு சேர்த்து அள. ஒன்றரை அடிக்குப் பக்கம் வரும். இட்லிக் கொப்பரையை மூடியோடு அள. சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி, அடுக்கின் உயரத்தைக் குறித்துக்கொள். மேடை உயரம் 34 அங்குலம் என்றால், காலும் கல்லும் போக உனக்கு ஏறக்குறைய 28 அங்குலம் கிடைக்கும். அதை 5, 9, 14 என்று மூன்று டிராயராகப் பிரிப்பது எனக்குக் கைவந்த கணக்கு. மேலே கரண்டிகள், நடுவில் தட்டும் கிண்ணமும், அடியில் குக்கரும் கொப்பரையும். பாத்திரம் வேறு சொன்னால் கணக்கை மாற்று.

எடையையும் பார்த்துவிடு. எவர்சில்வர் கனம். ஒரு டிராயருக்குள் போகும் சாமானை ஒரு கூடையில் போட்டு, ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் வைத்துப் பார். டிராயர் ஓடும் சேனலைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்கு. முழுவதும் வெளியே வரும் சேனலாக இருக்கட்டும். முக்கால்வாசி மட்டும் வந்து நிற்கும் சேனலைப் போட்டால், அந்தக் கடைசிக் கால்வாசியில் பழைய பின்வரிசை திரும்ப வந்துவிடும். கம்பிக் கூடை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தட்டுக்குச் சரி. சின்ன டம்ளரும் கிண்ணமும் கம்பி இடுக்கில் சாய்ந்து நிற்கும்.

கதவு போட்ட அலமாரியைவிட டிராயருக்குச் செலவு அதிகம், வீட்டுக்காரர் தயங்குவார். பளபளக்கும் அக்ரிலிக்கை விட்டுச் சாதாரண லேமினேட் போடலாம் என்று சொல். மூலைக்குள் சுற்றி வரும் தட்டையும் விட்டுவிடலாம். மூலையில் பாதி காலியாகப் போனாலும் குற்றமில்லை. சேனலில் மட்டும் கை வைக்காதே. சிங்க்குக்குக் கீழே ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைதான். எழுபத்திரண்டு மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் தரம் அது. நம் வீடுகளில் அடுக்களையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், ஆகையால் பெட்டிகளை நாலு அங்குலக் கால்மேல் நிறுத்து.

மேல் அலமாரிக்கு 12 அங்குல ஆழம் போதும். பாட்டியை மேடை ஓரம் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, நுனிக்காலில் நிற்காமல் எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு. தினமும் எடுக்கும் எதுவும் அந்தக் கோட்டுக்கு மேலே போகக்கூடாது. அதற்கு மேலே பரண். முறுக்கு உழக்கும் பெரிய அண்டாவும் அங்கே போகட்டும். கிரைண்டரை அலமாரிக்குள் வைக்கும் படங்களைக் கேட்லாக்கில் பார்த்திருப்பாய். பத்துக் கிலோவுக்கு மேல் கனமுள்ளதை யார் குனிந்து தூக்குவது? மேடையிலேயே அதற்கு இடமும் பக்கத்தில் பிளக்கும் கொடு.

சிலிண்டர் விஷயத்தில் உன்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டரை நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்குள் வைத்து, அழகுக்காக மேலே மட்டும் துளை போட்டிருந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். நீ செய்யும் சிலிண்டர் பெட்டிக்கு அடிப்பலகை வேண்டாம். கதவின் அடியில் நல்ல அகலமான ஜாலி வை. ரெகுலேட்டரைத் திருப்பக் கை தாராளமாக உள்ளே போக வேண்டும். நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோவுக்குப் பக்கம் இருக்கும். அதை உருட்டி உள்ளே தள்ளும்போது இடிக்கிற மாதிரி நடுச்சட்டம் எதையும் வைத்துவிடாதே. அவர்கள் வீட்டில் ஒன்றா இரண்டா என்று முதல் நாளே கேள். இரண்டாவது சிலிண்டருக்கு இடம் யோசிக்காமல் விட்டால், அது கடைசியில் நீ பார்த்துப் பார்த்துச் செய்த டிராயருக்கு முன்னால் வந்து நிற்கும், திறக்க விடாமல்.

கேட்லாக்குகளைத் திருப்பி அனுப்புகிறேன். பாத்திரப் பட்டியலும் பாட்டியின் பென்சில் கோட்டு உயரமும் எழுது. வரைபடத்தை அதற்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்