புயல் வருமுன் இல்லம் காத்தல்
(உறுப்பினர் கல்விப் பாடம்)

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீடிக்கின்றது. வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாகத் தோன்றும் காலமும் இதுவே. கொட்டாரம் வட்டாரத்துச் சங்கங்களுக்கு நாம் செல்லும்போது, "புயலென்பது நாகப்பட்டினத்திற்கும் கடலூருக்கும் உரியது, நமக்கு அந்தப் பயமில்லை" என்று அங்கத்தினர் சிலர் கூறக் கேட்கின்றோம். இவ்வெண்ணம் பிழையென்பதை 2017ஆம் ஆண்டு உணர்த்திற்று.

ஒக்கிப் புயல்

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அந்தமான் கடற்பகுதியில் தோன்றிப் பல நாள் நகர்ந்து, இலங்கையைக் கடந்து வந்தது. ஒக்கி அவ்வாறு வந்ததன்று. 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கையின் தென்கரையை ஒட்டித் தாழ்வு மண்டலமாக உருவாயிற்று. மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக வலுத்துவிட்டது. அது நம் மாவட்டத்தில் கரையைக் கடக்கவுமில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல் வழியாகவே இலட்சத்தீவை நோக்கிச் சென்றது. அவ்வாறு விலகிச் சென்ற புயலே வாழைத் தோட்டங்களையும் ரப்பர் மரங்களையும் சாய்த்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவருள், தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது கரை திரும்பவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? அருகில் தோன்றும் புயல் அவகாசம் தராது. ஆகவே அறிவிப்பு வந்தபின் செய்யலாமென ஒத்திவைக்கும் வேலைகளைப் புரட்டாசிக்குள்ளேயே முடித்துவிட வேண்டும்.

வீடு

ஓட்டு வீடுகளில் உடைந்த, நழுவிய ஓடுகளை உடனே மாற்றுக. ஓர் ஓடு பெயர்ந்தால் அவ்வழியே காற்றுப் புகுந்து மற்றவற்றையும் தூக்கும். தகரக் கூரையின் ஆணிகளையும் கட்டுகளையும் இறுக்குக. வீட்டின்மேல் சாயக்கூடிய தென்னையில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்கிவிடுக. மின்சாரமின்றேல் மோட்டார் ஓடாது. எனவே கிணற்றுக்குக் கயிறும் வாளியும் தயாராக இருத்தல் அவசியம். அரிசி, பருப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, டார்ச் விளக்கு, நாள்தோறும் உண்ணும் மருந்து ஆகியவை ஒரு வாரத்திற்குப் போதுமான அளவு இருக்கட்டும். பட்டா, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, சங்கப் பாஸ் புத்தகம் இவற்றை நீர் புகாத பையொன்றில் இட்டு, அஃது இருக்குமிடத்தை வீட்டார் அனைவரும் அறியச் செய்க.

தறி

குழித்தறியில் நீர் புகுந்தால் நெசவாளருக்கு வேலையும் போகும், சங்கத்து நூலும் கெடும். ஆதலால் தறிக்கூடத்து வாயிலில் மண்ணிட்டு உயர்த்தி, மழைநீர் வெளியே ஓட வாய்க்கால் வெட்டுக. நூலைத் தரையில் வையாது, பாலிதீன் உறையிலிட்டு உயரமான பலகைமேல் வைக்க. தறியிலுள்ள பாவை மூடுவதற்குத் தார்ப்பாய் ஒன்று கைவசம் வேண்டும். நெய்து முடித்த துணியை மழைக்காலத்தில் வீட்டில் தேக்காமல், அவ்வப்போது சங்கத்தில் ஒப்படைத்து வரவு வைத்துக்கொள்வதே நன்று.

தோட்டமும் வயலும்

குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுத்துக் கட்டுக. காய்ந்த இலைகளையும் கீழ் இலைகளையும் கழித்தால் மரம் காற்றைத் தாங்கும் சுமை குறையும். கும்பப்பூ வயல்களில் வடிகால்களைத் தூர் எடுத்து வைக்க.

பயிர்க் காப்பீட்டில் பலர் ஏமாறுகின்றனர். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் ராபி பருவ உணவுப் பயிர்களுக்கு 1.5 சதவீதம், வாழை போன்ற தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம். அறிவிக்கப்பட்ட பயிர்களைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகவே பதியலாம். ஆனால் கெடு கடந்தபின், வானம் கறுத்ததைக் கண்டு ஓடிவருவோர்க்குப் பதிவு கிடையாது. அறுத்து வயலில் உலர விட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையால் கெட்டால், 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும்.

அறிவிப்பு வந்தபின்

இப்போது செய்யத்தக்கவை சிலவே. குடங்களில் நீர் நிரப்புக, கைப்பேசிக்கு மின்னேற்றுக, வானொலிச் செய்தியைக் கேட்க, மாடுகளைத் தளையவிழ்த்து மேட்டில் விடுக. வீடு உறுதியற்றதாயின் இருட்டுமுன் முகாமிற்குச் செல்க. முதியோரை அழைத்துச் செல்பவர் யார், குழந்தைகளைப் பார்ப்பவர் யார் என்பதை முன்னரே வீட்டில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வரலாகாது. புயலின் மையம் கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அறுந்த மின்கம்பியின் அருகே செல்லாது, மின்வாரியத்திற்குத் தெரிவிக்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.

தனியொரு குடும்பத்தால் இவையனைத்தும் இயலா. கூரை சீர்செய்யவும் வாழைக்கு முட்டுக் கட்டவும் பத்து வீட்டார் முறைவைத்துக் கைகொடுத்தால், செலவும் குறையும், வேலையும் விரையும். கூட்டுறவின் பொருள் கடன் பெறுதல் மட்டுமன்று.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. ஒக்கி கரையைக் கடக்காதிருந்தும் நமக்குச் சேதம் விளைந்தது. இதிலிருந்து அறிவது யாது?
2. நமது சங்க அங்கத்தினருள் தனித்து வாழும் முதியோர் எவர்? அவர்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து வரும் பொறுப்பு யாருடையது?
3. சங்கத்தின் நூலும் கணக்குப் புத்தகங்களும் இன்று எவ்வளவு உயரத்தில் உள்ளன?
4. இவ்வாண்டு பயிர்க் காப்பீடு செய்யாதோர் எத்தனை பேர்? ஏன்?