பொலன்னறுவையில் ஒரு கிறித்தவத் துறவி

அன்புள்ள தம்பிக்கு,

தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுள்ள ஒருவர் பிற சமயத்தாரின் பக்தியைக் கண்டு நெஞ்சம் நெகிழ்ந்தால், அது தம் சமயத்துக்குச் செய்யும் துரோகமாகுமா என்னும் கேள்வி, கடலூர் முதுநகரில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்து, கல்விக்காகச் சிதம்பரம் வந்து, மாலைப் பூசையின் மணியோசையைத் தேரடி வீதியில் நின்று கேட்கும் கிறித்தவ இளைஞர் எவருக்கும் எழக்கூடியதே. அதற்கு இறையியல் நூல்கள் தரும் விடைகள் பல உண்டு. எனினும் தாமஸ் மெர்ட்டன் என்னும் துறவியின் வாழ்க்கை தரும் விடை அவற்றிலும் தெளிவானது.

1915-இல் பிரான்சில் பிறந்த மெர்ட்டன், இளமையில் எந்தச் சமயத்திலும் ஊன்றாமல் அலைந்து, நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், 1938-இல், கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். அதற்குச் சற்று முன், அவருக்குக் கீழைநாட்டு ஞானத்தில் ஆர்வம் இருந்ததை அறிந்தும், மகானாம்பிரத பிரம்மச்சாரி என்னும் வங்க வைணவத் துறவி அவரிடம் இந்திய நூல்களைத் தந்துவிடாமல், புனித அகுஸ்தீனாரின் தன்வரலாற்றையும் ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’ என்று தமிழில் வழங்கும் நூலையும் படிக்குமாறு சொன்னார். சமயப் பிடிப்பின்றி அலைந்த ஒருவரைக் கிறித்தவத்தின் ஆழத்துக்கே திருப்பி அனுப்பியவர் ஓர் இந்துத் துறவி என்பது ஊன்றி நினைக்கத் தக்கது. 1941 டிசம்பர் 10 அன்று மெர்ட்டன் கென்டக்கி மாநிலத்துக் கெத்செமனி என்னும் டிராப்பிஸ்டு மடத்தில் புகுந்தார். மௌனத்தையும் உடலுழைப்பையும், விடியலுக்கு வெகுமுன்னரே எழுந்து சொல்லும் கூட்டுச் செபத்தையும் நெறியாகக் கொண்ட கத்தோலிக்கத் துறவியரே டிராப்பிஸ்டுகள் எனப்படுவர்.

1968-இல் ஆசியப் பயணம் மேற்கொண்ட அவர், நவம்பரில் தர்மசாலாவில் தலாய் லாமாவை மூன்று முறை சந்தித்தார். கிறித்தவத் துறவியர் எடுக்கும் வாக்குறுதிகள் ஒரு மடத்தில் ஆயுள் முழுவதும் தங்கியிருப்பதற்கான ஒப்புதல் மட்டும்தானா, அல்லது ஆன்மிகப் படிநிலைகளில் மேன்மேலும் முன்னேறுவதற்கான உறுதியா என்று அப்போது 33 வயதான தலாய் லாமா கேட்டார். ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் துறவியாக வாழ்ந்தவரிடம் அவருடைய சொந்த நெறியின் வேரைக் குறித்தே கேட்கப்பட்ட கேள்வி அது. டார்ஜிலிங் அருகே அவர் கண்ட சத்ரல் ரிம்போச்சே என்னும் பௌத்தத் தவசியோ, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனிமையில் தியானித்தும் பௌத்தம் கூறும் முழு வெறுமையை எட்டவில்லை என்று ஒளிவின்றிச் சொல்ல, மெர்ட்டனும் தம் நிலை அதுவே என்றார். வென்றவர் தோற்றவர் என்ற பேச்சுக்கு இத்தகைய உரையாடலில் இடமே இல்லை. அம்மாதத்தில் புதுதில்லியிலிருந்து நண்பர்களுக்கு எழுதிய சுற்றுமடலில், இந்தப் புதிய நட்புகளின் நடுவே கிறிஸ்துவின் மீதும், உள்ளத்தில் அவர் குடிகொண்டிருப்பதன் மீதும் தமக்குள்ள நம்பிக்கையிலேயே ஆறுதல் பெறுவதாக மெர்ட்டன் தெரிவித்தார். தலாய் லாமாவும் பிற்காலத்தில், கிறித்தவர் ஒருவரிடம் அத்தகைய ஆன்மிகத்தை முதன்முதலாக உணர்ந்தது மெர்ட்டனிடமே என்று எழுதினார்.

பின்னர் மெர்ட்டன் சென்னைக்கு வந்து, பரங்கிமலையையும் மாமல்லபுரத்தையும் கண்டு, இலங்கைக்குச் சென்றார். பொலன்னறுவையின் கல் விகாரை என்பது 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே கருங்கற்பாறையில் செதுக்கப்பட்ட புத்தர் உருவங்களின் தொகுதி. நிற்கும் உருவம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும், பள்ளிகொண்ட உருவம் ஏறத்தாழ 14 மீட்டர் நீளமும் உடையவை. உடன்வந்த குருவானவர் பிற சமயத்தின் வழிபாட்டிடம் என்ற கூச்சத்தால் பின்தங்கி, ஒரு மரத்தடியில் அமர்ந்து வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, மெர்ட்டன் செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்த புல்லிலும் ஈரமணலிலும் கால்பதிய நடந்து அவ்வுருவங்களை நெருங்கினார். எதையும் மறுக்காமலும் எதையும் நிலைநாட்ட முயலாமலும் அமைந்த அம்முகங்களின் புன்னகை, பழகிப்போன பார்வையிலிருந்து தம்மை ஒரேயடியாக விடுவித்ததாகவும், வெறுமையும் கருணையுமே அனைத்தும் என்று தெளிந்ததாகவும் அவர் நாட்குறிப்பில் எழுதினார். இங்கு வெறுமை என்பது ஒன்றுமின்மையன்று. எப்பொருளும் தன்னந்தனியே தன்னால் நிற்பதில்லை என்னும் பௌத்தக் கொள்கை, அதாவது சூனியம். இறைமகன் தம் மேன்மையைப் பற்றிக்கொள்ளாமல் தம்மைத் தாழ்த்திக்கொண்டதைப் பிலிப்பியருக்கு எழுதிய மடலில் படித்தறிந்த கிறித்தவர்க்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆயினும் இரண்டும் ஒன்றே என்று அவசரமாகச் சொல்லிவிடுவது இரு சமயங்களுக்குமே அநீதியாகும். மெர்ட்டன் பௌத்தராகிவிடவில்லை. 1968 டிசம்பர் 10 அன்று, மடம் புகுந்து சரியாக 27 ஆண்டுகள் நிறைந்த நாளில், பாங்காக் அருகே நடந்த துறவியர் மாநாட்டில் உரையாற்றிய சில மணி நேரத்தில் இறந்தபோதும் அவர் கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கமும் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்திருந்தது.

பொலன்னறுவை உனக்குத் தொலைவான ஊருமன்று. 11-ஆம் நூற்றாண்டில் சனநாதமங்கலம் என்ற பெயரில் சோழரின் ஈழத் தலைநகராக இருந்த அவ்வூரின் சிவன் கோயில் இடிபாடுகளிலிருந்து ஆடவல்லானின் செப்புத் திருமேனியோடு, கடலூரில் கரையேறியதாகச் சொல்லப்படும் அப்பரின் திருமேனியும் மாணிக்கவாசகரின் திருமேனியும் கிடைத்தன. மாணிக்கவாசகரோ, புராண மரபின்படி, ஈழத்திலிருந்து வந்த பௌத்தரைத் தில்லையில் வாதில் வென்று, ஈழ மன்னனின் ஊமை மகளைப் பேச வைத்தவர். அவள் சொன்ன விடைகளே அவருடைய திருவாசகத்தில் உள்ள திருச்சாழல் என்பர். தில்லையில் எதிரெதிரே நின்றதாகப் புராணம் காட்டும் இரு சமயங்களும் ஈழ மண்ணில் ஒரே நகரத்தில் தழைத்திருக்கின்றன. வாதத்தின் வெற்றியைக் கொண்டாடும் கதையைவிட இந்த அகழாய்வுச் சான்று நம் காலத்துக்கு மிகுதியாகப் பயன்படும்.

அப்புராணத்தைத் தம் முன்னுரையில் விரிவாக எடுத்துரைத்து, திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்தவர் ஜி. யு. போப் என்னும் ஆங்கிலிக்கக் குரு. 1839-இல் சமயப் பணிக்கென்று தமிழகம் வந்த அவர், அம்மொழிபெயர்ப்பைத் தம் எண்பதாம் வயதில், 1900-இல், ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். அதன் பிறகும், 1908-இல் மறையும் வரை, குருவாகவே வாழ்ந்தார். சைவச் சான்றோர் இன்றளவும் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள். அவர் நூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பெற்று, மெர்ட்டனின் ஆசிய நாட்குறிப்போடு அருகருகே வைத்துப் படி.