எந்தக் கடன் நமக்கு ஏற்றது?

அரசு ஆதரவுடைய கடன்களுள் எதை நாடுவது என்பதை மானியத்தைப் பார்த்தன்று, தேவையைப் பார்த்தே நாம் முடிவு செய்தல் வேண்டும்.

பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், 2008ஆம் ஆண்டு, புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்கென வகுக்கப்பெற்றது. கிராமப்புறத்துப் பொதுப் பிரிவினர்க்குத் திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம் என்பது அதன் விதி. ஆயினும் அத்தொகை கைக்கு வராது; மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பின்னரே கடனில் கழிக்கப்பெறும். இடையில் தொழில் நின்றால் மானியமும் போகும். கடன் மட்டுமே நிற்கும்.

ஓடுகின்ற தறிக்கு நூலும் சாயமும் வாங்க, 2015இல் தொடங்கிய முத்ரா திட்டமே பொருத்தமானது. அதன் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடின்றிப் பெறலாம்.

ஆகவே உறுப்பினர்களே, விண்ணப்பத்தில் தொகையை எழுதுமுன், மாதத் தவணையைத் தறியின் மாத வருவாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.