மாவுத் தூசி தகர்த்த ஆலை
(மின்னியாபொலிஸ் நகரச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்)

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடமத்திய பாகத்தில், மின்னசோட்டா மாகாணத்தில், மிஸிஸிப்பி நதிக்கரையில் அமைந்துள்ளது மின்னியாபொலிஸ் நகரம். தக்கோத்தா என்னும் பூர்வகுடிகளின் மொழியில் நீரைக் குறிக்கும் சொல்லோடு, நகரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி ஆக்கிய பெயர் இது. சொல்லிலக்கணம் வல்லார் இவ்வொட்டு வேலையைக் கண்டு முகஞ்சுளிப்பர். எனினும் பெயர் பொருத்தமானதே. இவ்விடத்திலுள்ள நீர்வீழ்ச்சி இல்லையேல் இந்நகரமும் இல்லை. மிஸிஸிப்பி நதியின் நெடிய போக்கில் பெரிய நீர்வீழ்ச்சி இஃதொன்றே. தக்கோத்தா மக்கள் இதனைப் புனித ஸ்தலமாகப் போற்றி வந்தனர். 1680-ஆம் ஆண்டில் இங்கு வந்த ஹென்னபின் என்னும் ஐரோப்பியத் துறவி, பதுவை அந்தோனியாரின் பெயரை இதற்கு இட்டார். பின்னர் வந்த குடியேறிகளோ, விழும் நீரில் சக்கரம் சுழற்றும் வலிமையையே கண்டனர். முதலில் மரமறுக்கும் ஆலைகளும், அவற்றையடுத்து மாவாலைகளும் கரையோரத்தில் எழுந்தன.

அந்நாட்டுக் கோதுமை வசந்தத்தில் விதைக்கப்படும் கடின வகையைச் சேர்ந்தது. திரிகைக் கற்களிடையே அதனை அரைத்தால் மேல்தோல் நொறுங்கி மாவோடு கலந்து நிறத்தைக் கெடுக்கும். ஆதலின் சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு. 1870-ஆம் ஆண்டையொட்டி லா குரோவா என்பவர் வாஷ்பர்ன் ஆலையில் ஓர் இயந்திரத்தைச் செப்பஞ்செய்தார். அது ரவையைச் சல்லடையில் ஆட்டி, கீழிருந்து காற்றைச் செலுத்தித் தவிட்டைப் பறக்கச் செய்வது. அதன் பயனாக மாவு வெண்மையாயிற்று, விலையும் ஏறிற்று. ஆனால் அக்காற்றே மாவுத் தூசியையும் ஆலையெங்கும் பரப்பிற்று. இலாபமும் ஆபத்தும் ஒரே வாயிலால் உள்ளே நுழைந்தன என்னலாம்.

காட்வாலடர் வாஷ்பர்ன் என்பார் 1874-ஆம் ஆண்டில் ஏழு மாடிக்கு மேல் உயர்ந்த பெரியதோர் ஆலையைச் சுண்ணக்கல்லால் கட்டினார். 1878-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் மாலை, பகல்வேலைக்காரர் பெருங்கூட்டம் வீடு திரும்பி, இரவு வேலைக்குரிய 14 பேர் மட்டுமே உள்ளிருந்தனர். ஏழு மணியளவில் ஆலை பேரோசையுடன் வெடித்தது. கூரை வானிற் பறந்தது. கனத்த சுவர்கள் தகர்ந்தன. தீ அண்டையாலைகளுக்கும் தாவிற்று. உள்ளிருந்த 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அண்டையாலைகளில் மேலும் 4 பேர் மாண்டனர். நகரின் மாவரைக்கும் திறனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அன்றிரவே அழிந்தது.

பூகம்பமென்றனர் சிலர், எவரோ வெடிமருந்தை ஒளித்துவைத்தனர் என்றனர் வேறு சிலர். வெறும் மாவு இவ்வளவும் செய்யுமென்று நம்புவார் அரியர். நாம் மட்டும் நம்புவோமோ? நம் வீட்டு மாவுப்பானையில் எரியுங்குச்சியைப் போட்டால் மேல்மாவு சற்றே கருகிக் குச்சி அணையுமன்றி வேறொன்றும் நிகழாது. குவிந்த மாவினுள் காற்றுப் புகாமையே அதற்குக் காரணம். அதே மாவு தூசியாய்ப் பறக்கும்போது ஒவ்வொரு துகளையும் பிராணவாயு சூழ்ந்திருக்கிறது. ஒரு துகளில் தீப்பற்றின் கண்ணிமைப்பதற்குள் எல்லாவற்றிலும் பற்றும். சூடேறிய வாயு விரிவதற்கு இடமின்றிச் சுவரைத் தள்ளும். முதல் அதிர்ச்சியில் உத்தரங்களிலும் தளங்களிலும் படிந்துகிடந்த தூசியும் கிளம்பி எரிவதால், இரண்டாம் வெடிப்பு முதலாவதைவிடக் கொடியதாகும்.

மின்னசோட்டா பல்கலைக்கழக ஆசிரியர்களாகிய பெக்கம், பெக் என்னும் இருவரும் பெட்டிக்குள் மாவுத் தூசியைத் தூற்றிச் சுடர் காட்டி இவ்வுண்மையைச் சோதனையால் மெய்ப்பித்தனர். தானியமின்றி வெறுமையாய்ச் சுழன்ற திரிகைக் கற்கள் ஒன்றோடொன்று உராய்ந்ததால் எழுந்த பொறியே தூசியைக் கொளுத்தியது என்று மரண விசாரணையில் முடிவாயிற்று. இப்பெரு நாசத்தில் நான் வியப்பது இவ்விசாரணையையே. வதந்தியோடு நின்றுவிடாமல், ஒரு பெட்டியையும் ஒரு சுடரையும் கொண்டு அவர்கள் காரணத்தைத் தேடினர்.

வாஷ்பர்ன் உடனே புதிய ஆலைக்குத் திட்டமிட்டார். ஆஸ்திரியாவிற் பிறந்த தெ லா பார் என்னும் பொறியியலறிஞர் ஹங்கேரி நாட்டு மாவாலைகளை ஆராய்ந்து வந்தார். 1880-ஆம் ஆண்டில் எழுந்த ஆலையில் தூசியை உறிஞ்சி அகற்றும் கருவிகள் அமைந்தன; திரிகைக் கற்களுக்கு மாறாக எஃகு உருளைகள் வழக்கிற்கு வந்தன. பொறியெழும் இடமும் குறைந்தது, தூசியும் குறைந்தது, மாவும் முன்னிலும் நன்றாயிற்று. அவ்வாண்டே சின்சினாட்டி கண்காட்சியில் அந்நிறுவனத்தின் மாவு தங்கப்பதக்கம் பெற்றது. அப்பதக்கமே மாவின் பெயருமாயிற்று. 1880 முதல் 1930 வரை, உலகில் அதிக மாவு அரைத்த நகரம் மின்னியாபொலிஸ் எனப் பெயர்பெற்றிருந்தது. அதன்பின் பஃபலோ நகரம் அதனை முந்திற்று. 1965-ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. 1991-ஆம் ஆண்டில் பாழ்ங்கட்டடத்தை மீண்டும் தீ தின்றது. எஞ்சிய சுவர்களுக்குள் 2003-ஆம் ஆண்டில் பொருட்காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது.

லேக்வுட் என்னும் கல்லறைத் தோட்டத்தில் மாண்ட 18 பேருக்கும் ஒரு கற்றூண் நாட்டப்பட்டுள்ளது. அதிலே அவர்கள் பெயர்களோடு கோதுமைக் கதிர்க்கட்டும், திரிகைக் கல்லும், உடைந்த பற்சக்கரமும் செதுக்கப்பட்டிருக்கின்றன.