மைக் செட்டும் நாகசுரமும்: மதிப்பிடுவது எப்படி?

மாணவர்களே! ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தில் நாகசுரமும் கேட்கும், ஒலிபெருக்கியும் முழங்கும். இக்கருவிகள் தீயில் சேதமானால் ஈடு பெறக் காப்பீடு உண்டு. ஆனால் எவ்வளவு தொகைக்குச் செய்வது? பார்ப்போம்.

இராஜபாளையத்தில் மைக் செட் வைத்திருக்கும் ஒருவர், 5 ஆண்டுகளுக்கு முன் ரூ.40,000-க்கு ஓர் ஆம்ப்ளிபயர் வாங்கினார் என்று கொள்வோம். அதன் ஆயுள் 10 ஆண்டு. பாதி ஆயுள் கழிந்ததால் மதிப்பு ரூ.20,000 என்பீர்கள். அது தவறு. தேய்மானத்தை இன்றைய புது விலையிலிருந்தே கழிக்க வேண்டும். இன்றைய விலை ரூ.60,000 என்றால், மதிப்பு ரூ.30,000.

அவர் ரூ.20,000-க்கே காப்பீடு செய்திருக்கிறார். தீ விபத்தில் ரூ.9,000 சேதம். முழுவதும் கிடைக்குமா? கிடைக்காது. 'சராசரி விதி'ப்படி,

9,000 × 20,000 ÷ 30,000 = ரூ.6,000.

மீதி ரூ.3,000 அவர் தலையில்தான்!

இனி நாகசுரத்துக்கு வருவோம். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தில் நாகசுரம் கடைகிறார்கள். ஏன் தெரியுமா? பச்சை மரம் உலரும்போது சுருங்கி வளையும்; துளைகளின் அளவு மாறிச் சுருதியும் மாறும். பல்லாண்டு உலர்ந்த மரத்தில் இம்மாற்றம் மிகக் குறைவு. எனவே வயதை மட்டும் பார்த்து இதன் மதிப்பைக் கழிப்பது பொருந்தாது. கருவி செய்யும் ஆசாரியின் மதிப்புச் சான்றையும் நிழற்படத்தையும் கொடுத்து, ஒப்புக்கொண்ட மதிப்பை முன்பே பத்திரத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

உங்களுக்கொரு கணக்கு: அந்த ஆம்ப்ளிபயர் ரூ.24,000-க்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால், அதே சேதத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?